கஞ்சி போட்ட வெள்ளைக் கை

போன மாதம் பென்ஷன் ஆபீசுக்குப் போய்விட்டு வரும் வழியில், பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்ற போக்குவரத்துக் காவலரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். காக்கிக்கு மேலே கிளிப்பச்சையில் ஒரு கையில்லாத மேல்சட்டை. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளிப் பட்டை. வெயில் பட்டதும் கண் கூசியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, பிரமாதமாத் தெரியுறீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நானும் இதே உத்தியோகம்தான், இதே புதுக்கோட்டையில் சமஸ்தானக் காலத்தில் நாற்சந்தியில் நின்று கை காட்டியவன்தான் என்று சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தது.

"அப்ப ஒங்க காலத்துல ஆளு தெரியுறதுக்கு என்னங்கய்யா மாட்டியிருந்தீங்க?"

"கஞ்சி" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரிப்பதற்குள் ஒரு மினி பஸ் குறுக்கே புகுந்துவிட்டது. விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். நடு ரோட்டில் நிறுத்திச் சொல்லக்கூடிய கதையும் இல்லை அது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது யுத்தம் தொடங்கும் சமயத்தில். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சல்யூட் அடிக்கப் பழகினேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை காக்கிப் பட்டியைச் சுருக்கமில்லாமல் சுற்றப் பழகினேன். பசியோடு நேராக நிற்கப் பழகினேன். பிறகு என்னைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கோதண்டம் ஐயாவிடம் ஒப்படைத்தார்கள். என் உண்மையான பயிற்சி அங்கேதான் ஆரம்பம்.

கோதண்டம் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எந்தக் காவலரையும் நேருக்கு நேர் திட்டமாட்டார். அவருக்கு ஒரு செங்குதிரை இருந்தது, பெயர் பவளம். சொல்ல வேண்டியதையெல்லாம் அதன் காதில்தான் சொல்வார். வரிசையில் நாங்கள் விறைத்து நிற்போம். அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே, "பவளம், ஒருத்தர் மேல் பட்டனை வீட்டுலயே விட்டுட்டு டூட்டிக்கு வந்துட்டார், பார்த்தியா?" என்பார். பழைய காவலர்கள் பதிலையும் குதிரைக்கே சொல்லப் பழகியிருந்தார்கள். "பவளம், நூலு அந்துபோச்சு, சாயங்காலம் தச்சுருவேன்னு ஐயாகிட்டச் சொல்லு" என்பார்கள். குதிரை காதை ஆட்டும். விஷயம் முடிந்தது. யாருக்கும் மனம் நோகாது. அந்தக் குதிரைக்குத் தெரியாத ரகசியம் ஸ்டேஷனில் கிடையாது.

எங்கள் ஊர்த் தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேரானவை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். அப்படிப்பட்ட ராஜ வீதிகள் இரண்டு ஒன்றையொன்று வெட்டும் நாற்சந்தியில், பழைய வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு அதன்மேல் பலகை அடித்த ஒரு மேடை. அதன்மேல் ஒரு காவலர். மாட்டு வண்டி, குதிரை வண்டி, சைக்கிள், அத்தி பூத்தாற்போல் ஒரு கார், கீரனூர் வழியாகத் திருச்சி போகும் பஸ், கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாட்டுக் கூடைகளோடு வரும் பஸ் எல்லாவற்றுக்கும் அவர்தான் கை காட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் எங்கள் மண் சிவப்பு. காலையில் காக்கியோடு மேடை ஏறுகிறவர் வெயில் ஏறுவதற்குள் ரோட்டின் நிறத்துக்கு வந்துவிடுவார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஒரு கொப்பரை, அதில் அடுப்புக்கரி, அதன் புகையில் எஞ்சின். கரி பஸ்ஸை ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி வேகம் எடுப்பதற்குள் பொழுது போய்விடும். ஆகவே எந்த டிரைவருக்கும் நிறுத்த மனம் வராது. புழுதி, புகை, நிற்க மனமில்லாத பஸ், நடுவில் மண் நிறத்தில் ஒரு மனிதர். எனக்கு முன் அந்த மேடையில் நின்ற மாணிக்கம் அண்ணனின் தொடை எலும்பு இப்படித்தான் முறிந்தது. அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு என்னை மேடையில் ஏற்றினார்கள்.

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கள் வாடகை வீடு அதே ராஜ வீதியின் தென்கோடியில் இருந்தது. மாணிக்கம் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி சிவகாமி அன்று சாப்பிடவில்லை.

"நம்ம வயக்காட்டுக்கே போயிருவோங்க. அங்கிட்டு மாடு முட்டுனாலும் தெரிஞ்சு முட்டும்" என்றாள். இந்த வாக்கியத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை அவளிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

நான் வீறாப்பாகத்தான் போனேன். ஒரு வாரத்துக்குள் கோட்டைப்பட்டினம் பஸ் என் முழங்காலில் வந்து முட்டி நின்றது. டிரைவர் காதர் அண்ணன் இறங்கி ஓடிவந்தார்.

"ஏட்டையா, சத்தியமா ஒங்களத் தெரியலைங்க. ரோடுதான் எந்திரிச்சு நிக்குதாக்கும்னு நெனைச்சேன்" என்றார்.

நான் அப்போது வெறும் கான்ஸ்டபிள். ஏட்டு ஆவதற்கு வெகுகாலம் முன்பே காதர் அண்ணன் எனக்கு அந்த உத்தியோக உயர்வைக் கொடுத்துவிட்டார். அந்த மரியாதைக்காகவே மன்னித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா மன்னிக்கவில்லை. "பவளம், இன்னொரு தொடையை நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனார். பட்டணத்தில் போக்குவரத்துக் காவலர் வெள்ளையில் நிற்பதுபோல இங்கேயும் வெள்ளைச் சட்டை வேண்டும் என்று கேட்டாராம். மேலதிகாரிக்கு வெள்ளை பிடிக்கவில்லை. வெள்ளையில் நின்றால் ஹோட்டல் சர்வர் என்று நினைத்து ஜனங்கள் காபி கேட்பார்கள் என்றாராம். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சட்டை காக்கிதான். மணிக்கட்டிலிருந்து தோளுக்குக் கீழே வரை கைக்கு மட்டும் வெள்ளை உறை. அதுவும் பரீட்சார்த்தமாக. பொங்கல் கூட்டத்தில் தாமே வந்து பார்ப்பார், உருப்படியாக இல்லையென்றால் மறுபடி வெறும் காக்கி. வெறும் காக்கி என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தது.

யுத்த காலத்தில் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்று கிடைத்தது. மாணிக்கம் அண்ணன் கட்டிலில் கிடந்ததேதான். "நான் படுத்த துணியில நீயாச்சும் நில்லுடா" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினார். தையல்காரரிடம் எலாஸ்டிக் இல்லை. மேலே இறுக்கிக் கட்டப் பாவாடை நாடாவை வைத்துத் தைத்துவிட்டார். அன்றைக்கு ஸ்டேஷனில் எழுந்த சிரிப்பைக் கேட்டுப் பவளமே கனைத்தது. "கருப்பையா, நாடா தெரியுது, உள்ள தள்ளு" என்று சக காவலர்கள் என் மானத்தை வாங்கினார்கள்.

அந்த உறையை முதல் நாள் மாட்டிக்கொண்டு நின்றதும் ஒரு குறை தெரிந்தது. துணி தொளதொளவென்று தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் ஈரத் துணி காய்வதுபோல் இருந்ததாம். அன்று மாலை சிவகாமி உறையை வாங்கிக்கொண்டாள். அரிசி கிடைக்காத காலம் அது. ஆனாலும் வடித்த கஞ்சியைக் குடிக்காமல், மறுபடி அடுப்பில் ஏற்றி, கூழ்ப் பதத்துக்குக் காய்ச்சி, ஒரு சொட்டு நீலம் விட்டு, உறையை முக்கி எடுத்தாள். வெண்கலச் செம்புக்குள் தணலைப் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை அது துணியாக இல்லை, தகரமாக இருந்தது.

"இம்புட்டுக் கஞ்சியா?" என்றேன்.

"தெரியணும்ல" என்றாள்.

தெரிந்தது! முழங்கையை மடக்கினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. டீக் கிளாசை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கடைக்காரரே ஊட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு அடித்த சல்யூட் நெற்றிக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. "பவளம், சல்யூட் பாதி வழியில பஞ்சராயிருச்சு, பரவாயில்லைன்னு சொல்லு" என்றார். குதிரை வண்டிக்காரர் வளர்த்த வெள்ளாடு ஒன்று கஞ்சி வாசனைக்கு மேடையடியிலேயே குடிவந்தது. நான் கையைத் தொங்கவிட்டால் போதும், நக்க ஆரம்பித்துவிடும்.

கை காட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. ஒரு பக்கத்தை நிறுத்த, கையைத் தோளுக்கு நேராக நீட்டி உள்ளங்கையைக் காட்ட வேண்டும். விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். மறு பக்கத்தை வரச் சொல்ல, முழங்கையை மடக்கி உள்ளே இழுக்க வேண்டும். சிவகாமியின் கஞ்சிக்கு முழங்கை மடங்காது. ஆகையால் நான் 'வா' என்பதைத் தோளிலிருந்து முழுக் கையையும் பெரிதாக வீசித்தான் காட்டினேன். விதை தெளிக்கிற மாதிரி இருந்ததென்று ஊரில் கேலி செய்தார்கள். ஆனால் வண்டிகள் நின்றன. காதர் அண்ணன் மேடைக்கு வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, "இப்பத்தான் ஏட்டையா, கை மட்டும் தனியா வானத்துல நிக்கிற மாதிரி தெரியுது" என்றார்.

சிவகாமிக்கும் தெரிந்தது. அதை அவள் சொன்ன பிறகுதான் அந்தக் கஞ்சியின் அர்த்தமே எனக்கு விளங்கியது.

"வாசல்ல வந்து பார்த்தா ரெண்டு வெள்ளைக் கை ஆடுறது தெரியுதுங்க. ஆடுச்சுன்னா நீங்க இருக்கீங்கன்னு உள்ள போயி ஒலை வைப்பேன். நடுவுல வந்து இன்னொரு தடவை பார்த்துக்குவேன்."

நாளெல்லாம் புழுதியில் நிற்கிறவனை ஒருத்தி தெருக்கோடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் கால் எப்படி வலிக்கும்? அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே இன்னும் பெரிதாக வீசினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. மேலதிகாரி சொன்னபடியே காரை ஓரமாக நிறுத்தி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காருக்குப் பக்கத்தில் பவளத்தின்மேல் இன்ஸ்பெக்டர் ஐயா. தெருவில் கரும்புக் கட்டும் புதுப் பானையும் மஞ்சள் கொத்துமாக எள் விழ இடமில்லை. சிவகாமி அன்று கஞ்சியை வழக்கத்தைவிடக் கெட்டியாகப் போட்டிருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் சீமையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தை பிறந்தால் இங்கே ஊருக்கு ஊர் மஞ்சுவிரட்டு. அதற்கென்று வளர்க்கிற காளையைக் கொல்லையில் கட்டிவைத்து, முகத்துக்கு நேரே வெள்ளைத் துண்டை வீசி வீசிப் பாயப் பழக்குவார்கள். நன்றாகப் பாய்ந்தால் தட்டிக்கொடுத்து, ஒரு தொட்டிக் கஞ்சி வைப்பார்கள். துண்டைக் கண்டால் பாய வேண்டும், பாய்ந்தால் கஞ்சி கிடைக்கும். காளைக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் ஐயா தஞ்சாவூர்க்காரர், அவருக்கு இது தெரிய நியாயமில்லை. மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த மொத்த ஊரும் என் வெள்ளைக் கையை மாதக்கணக்கில் பார்த்தது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

தெற்கேயிருந்து காதர் அண்ணனின் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. இடக்கையை நீட்டி நிறுத்தினேன். நின்றது. மேற்கே காத்திருந்த கூட்டத்தை வரச் சொல்லி வலக்கையைத் தோளிலிருந்து முழு வீச்சாக வீசினேன். ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. அந்தக் கூட்டத்தின் ஓரமாகக் கீரனூர்ப் பக்கத்துச் செவலைக் காளை ஒன்றை இருவர் கயிறு பிடித்து நடத்திவந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வீச்சில் கயிறு அவர்கள் கையில் இல்லை.

"ஏட்டையா, துண்டுன்னு நெனைச்சுக்கிருச்சு! எறங்கி ஓடுங்க!" என்று மாட்டுக்காரர் அலறினார்.

கூட்டம் சிதறியது. பானைகள் உருண்டன. ஒரு பாட்டனார் மட்டும் பஸ்ஸுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து தம் பானையைத் தேடிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் மூக்குக்குக் கீழே இருந்த அவர் காதர் அண்ணனுக்குத் தெரியமாட்டார். என் இடக்கை இறங்கினால் பஸ் நகரும். என் வலக்கை ஆடினால் காளை முட்டும். நானும் மாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைதான், ஆடாத துணியை மாடு முட்டாது என்று அறிந்தவன். அறிந்து வைத்திருப்பது வேறு, கொம்பு கண்ணுக்கு முன்னால் வருவது வேறு. முருகா என்று சொல்லிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டியபடி மரமாக நின்றேன். வேறு துணியாக இருந்திருந்தால் என் நடுக்கத்தில் படபடத்திருக்கும். கஞ்சி ஆடவிடவில்லை.

காளை மேடைக்கு ஓர் அடி முன்னால் வந்து சடக்கென்று நின்றது. புழுதியைக் கால் குளம்பால் கீறியது. மூச்சு என் விரலில் சுட்டது.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏங்க! கையை ஆட்டுங்க!"

சிவகாமி. வாசலில் வந்து பார்த்திருக்கிறாள். இரண்டு வெள்ளைக் கையும் ஆடாமல் நிற்கின்றன. மாடும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை, அசையாத கை மட்டும் தெரிந்திருக்கிறது. கையில் அகப்பையோடு ராஜ வீதியின் நடுவே ஓடிவருகிறாள்.

"ஏங்க, கையை ஆட்டுங்க! ஒரே ஒரு தடவை ஆட்டுங்க!"

நான் எப்படி ஆட்டுவேன்? ஆட்டினால் போய்ச் சேருவேன், ஆட்டாவிட்டால் இவள் போய்ச் சேருவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் பயம். கண்ணை மட்டும் உருட்டினேன். அவ்வளவு தூரத்துக்குக் கண்ணை உருட்டி என்ன பிரயோசனம்?

காளை மூக்கைத் தூக்கி என் வலக்கையை முகர்ந்தது. ஒருமுறை முகர்ந்தது, நம்பாமல் இன்னொருமுறை முகர்ந்தது. அதன் அனுபவத்தில் துண்டு முதலில் வரும், கஞ்சி பிறகு வரும். இரண்டும் ஒரே இடத்தில் வந்ததை அது அதுவரை கண்டதில்லை. நீண்ட நாக்கை நீட்டி மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரே இழுப்பாக நக்கியது. பிறகு உறையின் நுனியை வாய்க்குள் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சாவகாசமாக மெல்ல ஆரம்பித்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு தொடங்கிய பிறகு அடங்கவில்லை. மாட்டுக்காரர்கள் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டனாரைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார்கள். அவர் பானை உடையவில்லை, வேறு யாருடையதோ உடைந்திருந்தது. சிவகாமி மூச்சு வாங்க வந்து சேர்ந்து, என்னைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், மாட்டின் வாயைப் பார்த்தாள்.

"அடப் பாவி மாடே, நான் குடிக்காம வச்ச கஞ்சிடா அது" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அகப்பையால் அதன் மூக்கில் ஒன்று வைத்தாள். அது ருசி பார்த்துக்கொண்டே விலகிக்கொண்டது.

மேலதிகாரி காரைவிட்டு இறங்கிவந்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர். காதர் அண்ணனைக் கூப்பிட்டு, "நெஜமாச் சொல்லு, எங்கேர்ந்து இவர் கை தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"அந்தக் கோடியிலயே தெரிஞ்சுதுங்க எசமான். கரி பஸ்ஸை நிறுத்த எந்த டிரைவருக்கு மனசு வரும்? அந்த வெள்ளையைப் பார்த்தா காலு தன்னால பிரேக்குக்குப் போயிருதுங்க. இப்ப ஒரு கையை மாடு தின்னுருச்சு. சீக்கிரம் வேற தச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

மேலதிகாரி தலையை ஆட்டினார். "வெள்ளை இருக்கட்டும். நாலு ஜோடியாத் தைங்க" என்றார். காபி கேட்கிற பேச்சே எழவில்லை.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் நான் மேடையில் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கையும் நீட்டியபடி. இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா குதிரையைவிட்டு இறங்கினார். கடிவாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, தனியாக நடந்து, மேடையடிக்கு வந்து என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக.

"கருப்பையா, கையை எறக்கு. எல்லாரும் பத்திரமா இருக்காங்க" என்றார்.

அந்தச் சொல் குதிரையின் வழியாக வரவில்லை. பிற்பாடு கிடைத்த பதக்கம், பாராட்டு எதுவும் இதற்கு ஈடாகவில்லை. கையை இறக்கினேன். இடக்கை உறை அப்பளமாக நொறுங்கியது.

அதற்குப் பிறகு எனக்கும் சிவகாமிக்கும் ஓர் ஒப்பந்தம். எந்தச் சமயத்திலும், என்ன முட்ட வந்தாலும், இடையிடையே தென்கோடியைப் பார்த்து வலக்கையை ஒருமுறை ஆட்டிவிட வேண்டும். இந்தச் சைகை எந்தப் போலீஸ் பயிற்சியிலும் கிடையாது. அந்தத் திசையில் வருகிற வண்டிக்காரர்கள் குழம்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா கவனித்துவிட்டு, "பவளம், இது யாருக்குன்னு நமக்குத் தெரியாது" என்று சொல்லிக் கடந்துபோனார்.

பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ உடுப்பு. நிஜமாகவே ஏட்டு ஆகி, அதற்கு மேலும் போய், ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது மறுபடி இதே ஊரில் நாங்கள் இருவர்தான். கடைக்குப் போகும்போது வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன். தெருமுனையில் திரும்பி நின்று கையை ஒருமுறை ஆட்டுவேன். சிவகாமி வாசற்படியில் நின்று, "தெரியுது, தெரியுது, போயிட்டு வாங்க" என்பாள். அவளுக்குக் கண்புரை முற்றிவிட்டது. தெருமுனை என்ன, எதிர்வீட்டு முருங்கை மரமே தெரியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மனம் நோகாமலிருக்கச் சும்மா சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேற்று எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. தெருமுனையில் திரும்பி, கையை நீட்டி, ஆட்டாமல் அப்படியே நின்றேன்.

"ஏங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரல் வந்தது. "கையை ஆட்டுங்க!"